கருப்பையைப் பற்றிய கேள்விகளை யார் எழுதுவது?

சிறுவாச்சூருக்குப் பக்கத்துக் காலனி ஒன்றில், என் ஆய்வுக்கான கேள்வித்தாளோடு உட்கார்ந்திருந்தேன். திருமண வயது, பிரசவங்களின் எண்ணிக்கை, பிரசவம் நடந்த இடம், கருத்தடை முறை என்று வரிசையாகக் கேள்விகள். எல்லாம் முறைப்படி ஒப்புதல் பெற்றவை. மக்காச்சோளக் காட்டில் களையெடுத்துவிட்டு வந்திருந்த அக்கா ஒருவர் அத்தனைக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். முடிவில் அவர் ஒன்று கேட்டார். குனிந்து வேலை செய்தால் அடிவயிறு இழுக்கிறது, பாரம் தூக்கினால் அடி இறங்குகிறது, அதைப் பற்றி உன் தாளில் ஒன்றுமே இல்லையா என்றார்.

இல்லை. இத்தனைக்கும் நானும் ஒரு காலனியில் பிறந்து வளர்ந்தவள்தான்.

சமூகமே முன்னின்று நடத்தும் ஆய்வு என்ற சொல் இப்போது நிதி விண்ணப்பங்களில் அடிக்கடி தென்படுகிறது. பல நேரம் அதற்குப் பொருள், சேரியிலிருந்து ஓர் இளம்பெண்ணை நாள்கூலிக்கு அமர்த்தி, வீடு வீடாக நம்மைக் கூட்டிப்போகச் சொல்வது. நான் சொல்ல வருவது அதுவல்ல. எதைக் கேட்பது, கிடைத்த பதிலை யார் வைத்துக்கொள்வது, அதைக் கொண்டு என்ன செய்வது ஆகிய மூன்றையும் அந்தப் பெண்கள் முடிவு செய்ய வேண்டும். அதுவரை அது அவர்கள் மேல் நடத்தப்படும் ஆய்வுதான். ஆய்வாளர் எந்தச் சாதியில் பிறந்தவர் என்பதால் மட்டும் இது மாறிவிடாது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பெரம்பலூர் மாவட்ட மக்களில் ஏறத்தாழ 31 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். மாநிலச் சராசரி 20. சிறுவாச்சூரோ திருச்சி-சென்னை நெடுஞ்சாலையில் இருக்கும் ஊர். திங்களும் வெள்ளியும் மதுரகாளியம்மன் கோயிலுக்கு வெளியூர்க் கூட்டம் வந்து இறங்கும். மருத்துவமனைக்குப் போக வழியில்லாத ஊர் என்று இதை யாரும் சொல்ல முடியாது. தமிழ்நாடே இன்று அப்படித்தான். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இங்கே 99.6 விழுக்காடு பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடந்தவை. அதே ஆய்வில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. 15 முதல் 49 வயதுக்குட்பட்ட மணமான பெண்களில் 57.8 விழுக்காட்டினர் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். கணவர் செய்துகொண்டது 0.1 விழுக்காடு.

இந்த எண்களுக்குப் பின்னால் இருக்கும் நர்சம்மாக்களின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அரசு எதை அறிய விரும்பியதோ, அதுவே எண்ணப்பட்டிருக்கிறது. ஆபரேஷன் முடிந்து எத்தனையாவது நாள் அவள் களையெடுக்கப் போனாள்? போகாமல் இருக்க முடிந்ததா? பிரசவ அறையில் அவளிடம் எப்படிப் பேசினார்கள்? எந்த ஊர், எந்தத் தெரு என்று தெரிந்த பிறகு பேச்சின் தொனி மாறியதா? இவற்றுக்குப் பதிவேட்டில் கட்டமே கிடையாது. கட்டம் இல்லாத துன்பம், திட்டத்திலும் இடம்பெறாது.

கேள்வியை வெளியே இருப்பவர்கள் மட்டும் எழுதினால் என்ன ஆகும் என்பதற்குத் திண்டுக்கல் மாவட்டத்தைப் பார்க்கலாம். 2000இல் அங்கே கருப்பைவாய்ப் புற்றுநோய் குறித்துப் பெரிய ஆய்வு ஒன்று தொடங்கியது. 114 பகுதிகள் தேர்வாயின. 57 பகுதிகளில் 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு, பயிற்சி பெற்ற செவிலியர்கள் அசெட்டிக் அமிலம் தடவிப் பார்க்கும் எளிய பரிசோதனையைச் செய்தார்கள். மீதி 57 பகுதிகள் ஒப்பீட்டுக்கு. அங்கே ஏற்கெனவே இருந்த மருத்துவ வசதிதான், புதிய பரிசோதனை இல்லை. 2007இல் லான்செட் இதழில் முடிவு வெளியானது. பரிசோதனை நடந்த பக்கத்தில் இந்நோயால் நேரும் சாவு 35 விழுக்காடு குறைந்திருந்தது.

பயனுள்ள முடிவுதான். ஆனால் ஒப்பீட்டுப் பக்கத்தில் இருந்த 30,958 பெண்களில் 92 பேர் இந்நோயால் இறந்தார்கள். பரிசோதனைப் பக்கத்தில் 49,311 பேரில் 83 பேர். இந்தியாவில் நடந்த இத்தகைய ஆய்வுகளில் ஒரு சாராருக்குப் பரிசோதனை தராமல் விட்டது அறமா என்ற விவாதம் பின்னர் உலக அளவில் எழுந்தது. அந்த ஆய்வைத் திட்டமிட்ட மேசையில் திண்டுக்கல் கிராமத்துப் பெண்கள் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தால், நாங்கள் ஏன் இந்தப் பாதியில் இருக்க வேண்டும் என்ற கேள்வி முதல் நாளே வந்திருக்கும்.

வேறு வழியும் தமிழ்நாட்டில் இருந்தது. 1981இல், செங்கல்பட்டை அடுத்த திருக்கழுக்குன்றம் வட்டாரத்தில், வயதுவந்தோர் கல்வித் திட்டத்தில் வேலை பார்த்த பன்னிரண்டு தலித் பெண்களும் டி.கே. சுந்தரி ரவீந்திரனும் சேர்ந்து கிராமப்புறப் பெண்கள் சமூகக் கல்வி மையத்தைத் தொடங்கினார்கள். ருவ்செக் என்றால் பலருக்குத் தெரியும். சேரிப் பெண்களே சுகாதாரப் பணியாளர்களாகி, தங்கள் தெருவில் நிகழ்ந்த கர்ப்பம், பிரசவம், சாவு ஆகியவற்றைப் பதிவு செய்தார்கள். பதிவு செய்ததைப் பெண்களோடு உட்கார்ந்து பேசினார்கள். பின்னாளில் மருத்துவமனையும் நடத்தினார்கள்.

என் தாளில் இல்லாத கேள்வி அவர்களிடம் இருந்தது. அடி இறங்குதல், அதாவது கருப்பை இறக்கம் பற்றித் தமிழ்நாட்டுப் பெண்கள் தம் அனுபவமாகச் சொன்னவற்றை வைத்து எழுதப்பட்ட ஆய்வு 1999இல் வெளிவந்தது. சுந்தரி ரவீந்திரன் பெயரோடு சாவித்ரி, பவானி ஆகியோரின் பெயர்களும் அதில் ஆசிரியர் வரிசையில் இருக்கின்றன. கருப்பை இறக்கம் பெரும்பாலும் உயிரைப் பறிப்பதில்லை. அதனால் தாய் இறப்பு விகிதத்தில் அது தெரியாது. பல பிரசவம் கண்ட பெண் உடல் தேறுமுன்பே பாரம் தூக்கப் போனால், வாழ்நாள் முழுக்கக் கூட வருவது அது. கூலி வேலை செய்கிறவளின் நோய் அது. அவளைக் கேட்டால்தான் வெளியே வரும்.

இன்னொன்றும் வெளியே வந்தது. சுந்தரி ரவீந்திரனும் பி. பாலசுப்பிரமணியனும் 2004இல் வெளியிட்ட ஆய்வு, கிராமப்புற மணமான பெண்களின் கருக்கலைப்பு பற்றியது. பல கருக்கலைப்புகளுக்குப் பின்னால் இருந்தது, விருப்பமில்லாத உடலுறவை மறுக்க முடியாத நிலை. கருவைக் கலைக்க அனுமதி கிடைக்கும், கணவனிடம் வேண்டாம் என்று சொல்ல உரிமை கிடையாது.

தோழர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். சமூகம் என்று நாம் சொல்லும்போது யாரைச் சொல்கிறோம்? ஊர்ப் பெரியவரை, சங்கத் தலைவரை, கட்சிக் கிளைச் செயலாளரை உட்கார வைத்துக் கூட்டம் நடத்திவிட்டு, சமூகம் ஒப்புக்கொண்டது என்று எழுதினால், அந்த அக்காவின் கேள்வி மறுபடி விடுபடும். சாதிக்கு எதிராகத் தெருவில் நிற்கும் அண்ணன், வீட்டுக்குள் இந்தக் கேள்வியைக் கேட்க விடுவாரா? கருப்பை குறித்த ஆய்வில் முன்னிற்க வேண்டிய சமூகம், அதைச் சுமக்கும் பெண்கள்தான்.

இது நம் இயக்கத்துக்குப் புதிய பேச்சும் அல்ல. 1938 நவம்பர் 10இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் கருத்தடைக்கு ஆதரவான தீர்மானம் அம்பேத்கர் சார்பில் பி.ஜே. ரோகம் மூலம் முன்வைக்கப்பட்டது. உடல்நலத்துக்காக, நாட்டின் வறுமைக்காகக் கருத்தடை வேண்டும் என்று மற்றவர்கள் சொன்னபோது, பெண்ணின் விடுதலைக்காக வேண்டும் என்று பெரியார் பிரித்துச் சொன்னார். 1952இல் குடும்பக் கட்டுப்பாடு அரசுத் திட்டமானது. இலக்குகள் வந்தன, முகாம்கள் வந்தன. 2014இல் சத்தீஸ்கரின் பிலாஸ்பூரில் ஒரே முகாமில் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு ஆபரேஷன் நடந்து, 13 பேர் இறந்தார்கள். முகாம்களை மூன்று ஆண்டுகளுக்குள் நிறுத்தச் சொல்லி 2016இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. விடுதலைக்கென்று கேட்கப்பட்டது எண்ணிக்கையாக மாறினால் இதுதான் நடக்கும். நாமும் அந்தக் கேள்வியை அரசிடமும் தொண்டு நிறுவனங்களிடமும் விட்டுவிட்டு, பொதுக்கூட்டத்துக்குப் போய்விட்டோம்.

பாதிக்கப்பட்டவர்களே ஆய்வு செய்தால் அது சார்புடையதாகிவிடும் என்று என்னிடம் சொன்னவர்கள் உண்டு. 1989இல் ராணி பாங், அபய் பாங் குழுவினர் மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் இரண்டு கிராமங்களைச் சேர்ந்த 650 பெண்களைப் பரிசோதித்த முடிவை வெளியிட்டார்கள். 92 விழுக்காட்டினருக்கு மகளிர் நோய் ஏதாவது ஒன்று இருந்தது. அதற்கு முன் மகளிர் நோய்க்கான உடல் பரிசோதனை செய்துகொண்டவர்கள் 8 விழுக்காட்டினர் மட்டுமே. அதுவரை யாரும் கேட்காமல் இருந்தது நடுநிலையா? கேட்காமல் விடுவதும் ஒரு சார்புதான். பரிசோதனையின் துல்லியத்துக்கும் கணக்கின் ஒழுங்குக்கும் பயிற்சி பெற்றவர்கள் வேண்டும், மறுக்கவில்லை. அந்தப் பயிற்சி கேள்வியின் மேல் உரிமையைத் தந்துவிடாது.

ஐ.சி.எம்.ஆரின் 2017 நெறிமுறைகள் அறக்குழுவில் சாமானியர் ஒருவர் இருக்க வேண்டும் என்கின்றன. எல்லாம் எழுதி முடித்த பிறகு, படித்தவர்கள் நடுவில் ஒற்றை ஆளாக உட்கார்ந்து அவர் எதை மாற்ற முடியும்? கேள்வி எழுதும் நாளிலேயே பெண்கள் இருக்க வேண்டும். தகவல் திரட்டும் பெண்ணுக்கு முறையான ஊதியமும், ஆசிரியர் வரிசையில் பெயரும் வேண்டும். ஆய்வேட்டைப் பல்கலைக்கழகத்தில் கொடுப்பதற்கு முன் காலனியில் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும், தவறு என்று அவர்கள் சொன்னால் திருத்த வேண்டும். நாற்பது வீடு உள்ள தெருவில், பெயரை மறைத்தாலும் ஆள் தெரிந்துவிடும். எதை வெளியே சொல்லலாம், எது தெருவுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பதையும் அவர்கள்தான் சொல்ல முடியும்.

இவை என்னைப் போன்ற முதல் தலைமுறை ஆய்வாளர்களுக்கு எளிதல்ல. உதவித்தொகை தாமதமாகும், கெடு நெருங்கும், இதெல்லாம் எந்த முறையியல் என்று நெறியாளர் கேட்பார். ஆனால் நம் அம்மாக்கள் பேச முடியாமல் போனதைப் பேசத்தானே நாம் இந்தப் படிப்புக்குள் வந்தோம். வந்த பிறகு பழைய கேள்வித்தாளையே நகலெடுத்துக்கொண்டு சேரிக்குத் திரும்புவது என்ன நியாயம்?

நான் என் தாளைத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறேன். அந்த அக்காவும் அதே தெருவைச் சேர்ந்த ஐந்து பெண்களும் சாயங்காலங்களில் உட்கார்ந்து சொல்கிறார்கள், நான் எழுதுகிறேன். பிரசவங்களின் எண்ணிக்கை இப்போது பத்தாவது கேள்வி. முதல் கேள்வி, உடம்பு எங்கே வலிக்கிறது, எப்போதிலிருந்து என்பது.