சிஸ்டருக்கு இன்று எந்த வார்டு?

நான் பத்தாவது வரை படித்த குடும்பத் தலைவி. பெரிய விஷயம் எழுதுகிறேனே என்று யாரும் நினைக்க வேண்டாம். பட்டதைத்தான் எழுதுகிறேன்.

என் நாத்தனார் மகளுக்கு எட்டாம் மாதமே பிரசவமாகிவிட்டது. குழந்தை ஒன்றரைக் கிலோதான். பச்சைக் குழந்தைகள் வார்டில் வைத்தார்கள். அங்கே இருந்த சிஸ்டர் கை பட்டாலே எங்களுக்கு ஒரு தைரியம். அந்தப் பிஞ்சுக் கையில் நரம்பைக் கண்டுபிடித்து ஒரே தடவையில் ஊசி ஏற்றிவிடுவாள். நான்காம் நாள் அவளைக் காணோம். ஆபரேஷன் வார்டில் ஆள் பற்றாக்குறை என்று அங்கே அனுப்பிவிட்டார்களாம். பதிலுக்கு வந்தவள் எலும்பு முறிவு வார்டில் இருந்தவள். மூன்று முறை குத்தியும் நரம்பு கிடைக்கவில்லை. எனக்குக் கோபம் வந்து சத்தம் போட்டுவிட்டேன். "எனக்கு இந்த வார்டு பழக்கமில்லக்கா, நேத்து ராத்திரிதான் போட்டாங்க" என்று அவள் கண் கலங்கி நின்றாள். அப்புறம்தான் எனக்கே வெட்கமாகிவிட்டது. தெய்வ புண்ணியத்தில் பிள்ளை இன்று தவழ்கிறது. ஆனால் அந்தப் பெண்ணின் முகம் மறக்கவில்லை.

ஏன் இப்படி ஆளை மாற்றி மாற்றிப் போடுகிறார்கள்? செவிலியராக இருக்கும் என் சின்னம்மா மகளிடம் கேட்டேன். அவள் ஒரு கணக்குச் சொன்னாள். 24 மணி நேர ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மூன்று செவிலியர் என்பது ஏற்பாடு. ஆளுக்கு 8 மணி நேரம். ஒரு வாரத்துக்கு 21 ஷிப்ட். ஆளுக்கு ஒரு நாள் லீவு கொடுத்தால் மூன்று பேரும் சேர்ந்து பார்ப்பது 18 ஷிப்ட்தான். மீதி மூன்றை யார் பார்ப்பது? ஒருத்தி பிரசவ விடுமுறையில் போனால் என்ன ஆகும்? நம் வீட்டு அரிசிக் கணக்கு மாதிரிதான், மாதக் கடைசியில் துண்டு விழுகிறது. பெரிய ஆஸ்பத்திரியிலும் இதே கதை. ஒரு வார்டில் கிள்ளி இன்னொரு வார்டில் வைக்கிறார்கள்.

இந்திய நர்சிங் கவுன்சில் சொல்லும் அளவு, பொது மருத்துவமனையில் 5 நோயாளிக்கு ஒரு செவிலியர், மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 3 பேருக்கு ஒருவர், தீவிர சிகிச்சையில் ஒரு நோயாளிக்கு ஒருவர். லீவில் போகிறவர்களுக்காக இதற்கு மேல் 30 சதவீதம் கூடுதலாக வைக்க வேண்டுமாம். நாம் பார்த்த வார்டுகளில் எத்தனை கட்டிலுக்கு ஒரு சிஸ்டர் ஓடிக்கொண்டிருந்தார் என்று ஒவ்வொருவரும் நினைத்துப் பாருங்கள்.

இதில் இன்னொரு கொடுமையும் இருக்கிறது. நர்ஸ் படிப்பு முடித்தவர்களுக்குக் குழந்தை சிகிச்சை, இருதயம், புற்றுநோய், தீவிர சிகிச்சை என்று ஓராண்டு சிறப்புப் படிப்புகள் உண்டு. என் தங்கைக்குப் பச்சைக் குழந்தைகள் பிரிவு என்றால் உயிர். "அங்க போறேன்னு கேட்டா, உன்னை விட்டா இங்க யாரு இருக்காங்கன்னு சொல்றாங்கக்கா. படிக்கப் போறதுக்கும் விட மாட்டேங்குறாங்க" என்கிறாள். ஆசைப்படும் பிரிவுக்குப் போக முடியாது, தெரியாத பிரிவுக்கு மட்டும் ஒரே ராத்திரியில் போகலாம்! இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான், ஆள் இல்லை.

ஆள் எடுத்த விதமும் தெரிந்ததுதான். 2015-ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்வு வைத்து 7,000-க்கும் மேற்பட்ட செவிலியரை ஒப்பந்தத்தில் எடுத்தது. இரண்டு வருடத்தில் நிரந்தரம் என்றார்கள். மாதச் சம்பளம் 7,700 ரூபாய். நிரந்தரம் செய்யக் கேட்டு 2017 நவம்பரில் சென்னை தேனாம்பேட்டையில் அவர்கள் உட்கார்ந்ததைப் பேப்பரில் பார்த்தோம். 2020-ல் கொரோனாவுக்கு அவசரமாகத் தற்காலிக ஆள் எடுத்தார்கள். நாம் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தபோது முழு உடுப்புக்குள் வியர்த்து நின்றவர்கள் அவர்கள். அவர்களில் 2,400-க்கும் மேற்பட்டவர்களுக்கு 2022 டிசம்பர் 31-ஆம் தேதியோடு பணி நீட்டிப்பு இல்லை என்றானது. மக்களைத் தேடி மருத்துவம் போன்ற பணிகளில் மாற்று வேலை தருவதாக அரசு சொன்னது. அதுவும் நல்ல திட்டம்தான், எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு வீட்டு வாசலிலேயே மாத்திரை கிடைக்கிறது. ஆனால் மூச்சுத் திணறியவர்களைக் காப்பாற்றி இரண்டு வருடம் கற்ற கைப்பழக்கம் வீணாகப் போகிறதே!

2017-ல் நம் புதுக்கோட்டைக்கு மருத்துவக் கல்லூரி வந்தது. 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் 11 கல்லூரிகள் திறந்தார்கள். மீமிசலில் இருப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று எங்களுக்குத்தான் தெரியும். ஆனால் புதிய துறை திறக்கும்போது அதற்கென்று புதிய செவிலியரையும் எடுத்தால்தானே பலன்? பழைய வார்டைக் காலி செய்து புதிய வார்டை நிரப்பினால் என்ன லாபம்?

2002-ல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில், ஒரு செவிலியருக்கு ஒரு நோயாளி கூடினால், அறுவைச் சிகிச்சை நோயாளிகள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது என்று கண்டார்களாம். கலிபோர்னியா மாநிலத்தில் 2004 முதல் ஒரு செவிலியருக்கு இத்தனை நோயாளிதான் என்று சட்டமே நடைமுறையில் இருக்கிறது. நம் ஊரில் இன்னும் அது புத்தகத்து அளவாகவே இருக்கிறது.

அரசு காலியிடங்களை நிரந்தரமாக நிரப்ப வேண்டும். வேறு பிரிவுக்கு மாற்றினால் சில நாளாவது அங்கே பழக்கிவிட்டுப் பொறுப்புக் கொடுக்க வேண்டும். சிறப்புப் படிப்பு படித்தவர்களை அந்தப் பிரிவிலேயே வைக்க வேண்டும். கிராம சபை நடக்கும்போது ரோடு, தண்ணீருக்குக் கை தூக்கும் நாம், நம் சுகாதார நிலையத்தில் எத்தனை செவிலியர் இடம் காலி என்றும் கேட்போம், சகோதரிகளே.

அடுத்த முறை ஊசி தவறினால் என்னைப் போல் சத்தம் போடாதீர்கள். "நேத்து எந்த வார்டும்மா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். யார் மேல் கோபப்பட வேண்டும் என்பது அப்போது புரியும்.

- ஒரு வாசகி, மீமிசல்.