அரைக் கிலோ போதும்

கொல்கத்தாவின் கிழக்கு ஓரத்தில், ஒரு தலைமுறைக்கு முன்பு நெல் வயலும் மீன் குட்டைகளுமாகக் கிடந்த நிலத்தில் எழுந்த நகரம் நியூ டவுன். காலை ஆறு மணிக்கு அதன் அகலமான நடைபாதைகளைப் பார்த்தால் நடப்பதற்காகவே கட்டிய ஊரோ என்று தோன்றும். 2012இல் திறக்கப்பட்ட, 480 ஏக்கர் பரப்புள்ள எகோ பார்க்கை ஒட்டி மென்பொருள் இளைஞர்கள், ஓய்வுபெற்ற அதிகாரிகள், சல்வாருக்குக் கீழே கேன்வாஸ் ஷூ அணிந்த இல்லத்தரசிகள் என்று எல்லோரும் வேகமாக நடக்கிறார்கள். அவர்களில் ஒரு பகுதியினரை ஏழரை மணிக்குக் கச்சூரிக் கடை வாசலில் பார்க்கலாம் என்பது வேறு விஷயம்.

நடப்பவர்களின் பேச்சில் அடிக்கடி அடிபடும் கேள்வி ஒன்றுதான்: எத்தனை நாளில் எத்தனை கிலோ? மின்கம்பத்தில் ஒட்டிய துண்டு விளம்பரத்தில் பதில் தயாராக இருக்கிறது. 30 நாளில் 10 கிலோ. சென்னையிலும் பெங்களூரிலும் தில்லியிலும் இதே விளம்பரம், இதே கணக்கு. மொழி மட்டும்தான் மாறுகிறது.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி அடங்கியிருக்கிறது என்பது மருத்துவர்கள் வழக்கமாகக் கையாளும் கணக்கு. 10 கிலோவுக்கு 77,000. முப்பதால் வகுத்தால் நாளொன்றுக்குச் சுமார் 2,570 கலோரி துண்டு விழ வேண்டும். மேஜை வேலை பார்க்கும் நடுத்தர வயதுக்காரரின் உடல் ஒரு நாளில் மொத்தமாகச் செலவிடுவதே அநேகமாக 2,000 சொச்சம்தான். ஒரு பருக்கைகூட உண்ணாமல் மாதம் முழுவதும் பட்டினி கிடந்தாலும் கணக்கு உதைக்கிறது. அப்படியும் பத்து கிலோ இறங்கினால் அதில் பெரும்பகுதி கொழுப்பாக இருக்க முடியாது.

வேறு என்ன? முதலில், தண்ணீர். அவசரத் தேவைக்காக உடல் கல்லீரலிலும் தசைகளிலும் கிளைக்கோஜன் என்ற மாவுப்பொருளைச் சேமித்து வைக்கிறது. அதன் ஒவ்வொரு கிராமும் சுமார் மூன்று கிராம் நீரைத் தன்னுடன் பிடித்து வைத்துக்கொள்ளும். சோற்றையும் இனிப்பையும் குறைத்தவுடன் முதலில் கரைவது இந்தச் சேமிப்பு. கூடவே நீரும் வெளியேறுகிறது. அதனால்தான் முதல் வாரத்திலேயே இரண்டு கிலோ குறைந்துவிட்டதாகப் பலர் பூரிக்கிறார்கள். மூன்றாவது வாரத்தில் முள் அசைய மறுக்கிறது. உண்மையில் அப்போது கரைவதில் பெரும்பகுதி கொழுப்புதான். ஆனால் நம்மவர் மனமுடைந்து, 'என் உடம்பு வாகு அப்படி' என்று முயற்சியைக் கைவிடுகிறார். அல்லது சாப்பாட்டை இன்னும் பாதியாக வெட்டுகிறார். முதலாவது வீண், இரண்டாவது ஆபத்து.

அப்படியானால் நியாயமான வேகம் எது? வாரத்துக்கு அரைக் கிலோ பாதுகாப்பானது என்கிறது ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். எடை குறைப்பவரின் உணவுகூட நாளுக்கு 1,000 கலோரிக்குக் கீழே போகக் கூடாது என்பதும் அதன் அறிவுரை. உலக அளவில் பொதுவாகச் சொல்லப்படுவது அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை. பருமன் மிகுந்தவருக்கு ஆரம்பத்தில் ஒரு கிலோ குறையலாம். 60 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணுக்குக் கால் கிலோ குறைந்தாலே நல்ல முன்னேற்றம்.

இந்த நிறுவனத்தின் பூர்வீகம் தமிழ்நாடு. 1918இல் குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டின் ஓர் அறையில் ராபர்ட் மக்காரிசன் தொடங்கிய பெரிபெரி ஆய்வுப் பிரிவுதான் வளர்ந்து 1958இல் ஹைதராபாத்துக்குக் குடிபெயர்ந்தது. இந்தியாவின் பல பகுதி மக்களின் உணவை எலிகளுக்குக் கொடுத்து எடை பார்த்தவர் மக்காரிசன். கோதுமை ரொட்டி, பால், காய்கறி என்று சீக்கியர்களின் உணவை உண்ட எலிகள் செழித்து வளர்ந்தன. பட்டியலின் அடியில் நின்றவை வங்காளிகளின் உணவையும் சென்னை மாகாணத்தாரின் உணவையும் உண்ட எலிகள். எடை போதவில்லை என்று கவலைப்பட்ட இரண்டு அரிசிச் சமூகங்கள் இன்று எடை கூடிவிட்டதென்று நியூ டவுனில் சேர்ந்து நடக்கின்றன.

ஆனால் அந்தப் பழைய பலவீனம் நம்மைவிட்டு முழுவதும் போய்விடவில்லை. புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக் 2004இல் 'லான்செட்' இதழில் தன்னையும் ஆங்கிலேய நண்பர் ஜான் யுட்கினையும் ஒப்பிட்டு ஒரு படம் வெளியிட்டார். இருவரின் உடல் எடைக் குறியீடும் ஒன்றே: 22.3. ஆனால் யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாக்னிக்கின் உடலில் 21.2 சதவீதம். பார்வைக்கு ஒல்லி, உள்ளே கொழுப்பு, தசை குறைவு. இதுதான் இந்திய உடல்வாகு. அவசரமாக எடை குறைத்தால் கொழுப்போடு தசையும் கரையும். தசையில் ஏற்கனவே ஏழையான நமக்கு அது கட்டுப்படியாகாத நஷ்டம். வாரத்துக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் இறங்கினால் பித்தப்பையில் கல் சேரும் அபாயமும் கூடுகிறது.

மொழிபெயர்ப்பாளர்களுக்கும் இதில் கொஞ்சம் பங்கு உண்டு. 'எடை இழப்பு' என்று எழுதிவிடுகிறோம். நீர், தசை, கொழுப்பு மூன்றும் அந்த ஒரே சொல்லுக்குள் ஒளிந்துகொள்கின்றன. நமக்கு வேண்டியது கொழுப்புக் குறைப்பு மட்டும்தான். பேச்சு மொழி இன்னும் விவரமானது. வங்காளியில் ஒல்லியானவரை 'ரோகா' என்பார்கள். தமிழ்க் காதுக்கு ரோகம் வந்தவரைச் சொல்வதுபோல ஒலிக்கும். தமிழிலும் 'இளைத்துவிட்டாயே' என்பதில் பாராட்டைவிடப் பரிதாபமே அதிகம். வேகமாக மெலிபவரைச் சந்தேகத்தோடு பார்த்த பாட்டிகள் அப்படியொன்றும் தவறாகப் பார்க்கவில்லை.

மறுதரப்பு வாதத்தையும் சொல்ல வேண்டும். மெதுவாகக் குறைத்த எடை திரும்பி வராது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. மெல்போர்னில் 200 பேரிடம் நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்வு அதை ஆதரிக்கவில்லை. 12 வாரத்தில் குறைத்தவர்களும் 36 வாரத்தில் குறைத்தவர்களும் மூன்று ஆண்டுகளுக்குள் இழந்ததில் சுமார் 71 சதவீதத்தை மீண்டும் ஏற்றிக்கொண்டார்கள். பிரிட்டனில் 2017இல் வெளியான ஒரு ஆய்வில், நாளுக்குச் சுமார் 850 கலோரி திரவ உணவில் சில மாதங்கள் இருந்த நீரிழிவு நோயாளிகளில் 46 சதவீதம் பேர் ஓராண்டு முடிவில் மருந்தில்லாமல் சர்க்கரை கட்டுக்குள் இருக்கும் நிலையை அடைந்தார்கள். ஆனால் இவையெல்லாம் கண்காணிப்பில் நடந்தவை. மாத்திரைகளை நிறுத்துவது, சத்துக் குறையாமல் பார்த்துக்கொள்வது எல்லாவற்றுக்கும் ஆள் இருந்தது. துண்டு விளம்பரத்தை நம்பித் தானாக இறங்குபவருக்கு அந்தக் காவல் கிடையாது. ஏற்கனவே சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் சாப்பாட்டை மட்டும் திடீரென்று வெட்டினால் மயங்கி விழ நேரிடும்.

2025இல் இந்தியாவுக்கு வந்த எடை குறைப்பு ஊசிகளைப் பற்றியும் கேட்பீர்கள். அவற்றில் ஒன்றான செமாகுளுடைடின் முக்கிய ஆய்வு 2021இல் வெளியானது. 68 வாரத்தில் சராசரியாக 15.3 கிலோ குறைந்தது, உலகமே வியந்தது. வகுத்துப் பாருங்கள்: வாரத்துக்கு 225 கிராம். அந்த ஊசியையும் மருத்துவர்கள் மிகக் குறைந்த அளவில் தொடங்கி மாதம் மாதமாகத்தான் கூட்டுகிறார்கள். உலகம் வியக்கும் மருந்தின் சராசரி வேகம் இது என்றால், வாரம் அரைக் கிலோ குறைப்பவர் எதற்காகத் தலைகுனிய வேண்டும்?

புதிதாகத் தொடங்குபவர் சில விஷயங்களை வழக்கமாக்கிக்கொள்ளலாம். தினமும் எடை பார்த்துத் திண்டாட வேண்டாம். வாரம் ஒரு முறை, அதே கிழமையில், காலைக்கடன் முடித்து, வெறும் வயிற்றில் பார்த்தால் போதும். முதல் இரண்டு வாரத்தைக் கணக்கில் சேர்க்காமல், அதன்பின் நான்கு வாரங்களின் போக்கைப் பார்த்து முடிவுக்கு வாருங்கள். தையற்காரரின் நாடா ஒன்றை வீட்டில் வைத்திருங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 என்பது இடுப்புச் சுற்றளவுக்கு இந்தியர்களுக்கான எல்லை. எடை நின்று இடுப்பு குறைந்தால் சரியான பாதையில்தான் போகிறீர்கள். படியேறும் தெம்பு குறைந்தால், தலை சுற்றினால், முடி கொத்தாக உதிர்ந்தால், மாதவிடாய் தவறினால் வேகம் மிஞ்சிவிட்டது என்று அர்த்தம். முயற்சி எதுவும் செய்யாமலே எடை சரிந்தால் மகிழ வேண்டாம், டாக்டரிடம் போங்கள்.

'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்கிறது பழமொழி. எதைத் தின்பது என்று சொன்ன முன்னோர், எத்தனை நாளில் என்று கெடு வைக்கவில்லை.

கெடு வைக்காததில் நியாயம் இருக்கிறது என்பதற்குச் சென்னையிலேயே சான்று உண்டு. டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் நீரிழிவின் விளிம்பில் நின்ற 531 பேரை மூன்று ஆண்டுகள் கவனித்து 2006இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வழக்கமான அறிவுரையோடு விடப்பட்டவர்களில் 55 சதவீதம் பேருக்கு நீரிழிவு வந்தது. உணவை ஒழுங்குபடுத்தி, நடையைக் கூட்டியவர்களில் 39 சதவீதம் பேருக்குத்தான் வந்தது. இத்தனைக்கும் அவர்களின் எடை குறிப்பிடும்படி குறையவே இல்லை. முள் நகரவில்லை, நோய் விலகி நின்றது. நியூ டவுனில் மூன்றாவது வாரம் எடை பார்த்து முகம் சுருங்குபவர் மறுநாள் காலையும் நடக்க வருவதற்கு இந்த ஒரு காரணம் போதும். திரும்பும் வழியில் கச்சூரிக் கடையைத் தாண்டிவிட்டால் இன்னும் நல்லது.