கண்மாய்க்குள்ள நடக்குற ஈழப்போர்

கிரிக்கெட் ஆடுற பயலுகளுக்குள்ள ஈழப்போரைப் பத்தி நடக்குற சண்டை இருக்கே, அது மாதிரி ஒரு வெட்டிச் சண்டையை நான் பார்த்ததில்ல மக்களே. இதைச் சொன்னதும் ரெண்டு பக்கத்துல இருந்தும் எனக்கு அடி விழும்னு தெரியும். விழட்டும். ரொம்ப நாளா தொண்டையிலயே நிக்குது, இன்னைக்குத் துப்பிடுறேன்.

வெளியூர்க்காரங்களுக்கு ஒரு சின்ன விளக்கம். அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் கண்மாய்ங்கிறது வருஷத்துல பாதி நாள் தண்ணி கிடக்குற இடம், மீதி நாள் கிரிக்கெட் கிரவுண்டு (மழை பொய்ச்ச வருஷம் முழு நாளும் கிரவுண்டுதான்). தை தாண்டி தண்ணி வத்தினதும் சீமைக்கருவேலத்தை வெட்டி ஓரம் கட்டி, களிமண் வெடிப்பை நிரவி பிட்ச் போட்டுருவாங்க. ஞாயித்துக்கிழமை ஆனா தறி ஓட்டுறவர், மில்லு ஷிஃப்ட் முடிச்சவர், கரிமூட்டம் போடுறவர், சென்னையில இருந்து லீவுக்கு வந்த ஐடி தம்பின்னு எல்லாரும் அங்கதான். டென்னிஸ் பந்து, பெட் மேட்ச், தோத்த டீம் ஜெயிச்ச டீமுக்கு டீ வடை. சாதி பார்க்காம ஒண்ணா உக்காந்து தின்னுற இடம் எங்க பக்கத்துல ரொம்பக் கம்மி. அதுல இது ஒண்ணு. அதனாலதான் வயித்தெரிச்சல்.

இந்த இடம் பல தடவை ரெண்டா உடைஞ்சிருக்கு. 2013ல ஒரு தடவை. 2020ல முரளிதரன் படத்துல விஜய் சேதுபதி நடிக்கிறாராமேன்னு ஒரு தடவை. 2022 ஏலத்துல சென்னை டீம் மகீஷ் தீக்சனாவை எடுத்தப்ப இன்னொரு தடவை. மூணு தடவையும் ஆட்டம் பாதியில நின்னுச்சு. 'துரோகி'ன்னு ஒருத்தன், 'போடா வெறியா'ன்னு இன்னொருத்தன். பேட்டைத் தூக்கினதும் உண்டு. அதுக்கப்புறம் வாரக்கணக்குல ரெண்டு டீமா தனித்தனிக் கண்மாய்ல ஆடினாங்க.

முதல்ல துரோகிப் பட்டம் கொடுக்குற அண்ணன்கள் கிட்ட வர்றேன். கோபம் நியாயம்ணே. அதுல எனக்குச் சந்தேகமே கிடையாது. 2009 ஜனவரி 29 அன்னைக்கு முத்துக்குமார் சென்னையில தீக்குளிச்சப்ப இந்தச் சீமையே ஆடிப்போச்சு. போரோட கடைசி மாசங்கள்ல 40,000 பொதுமக்கள் வரைக்கும் செத்திருக்கலாம்னு ஐ.நா. நிபுணர் குழு 2011ல அறிக்கை கொடுத்துச்சு. 2013ல பன்னெண்டு வயசுப் பாலச்சந்திரன் படம் வெளிய வந்தப்ப சோறு இறங்காதவங்க நிறைய பேரு. கோபம் வராதவன் மனுசனே இல்ல.

அந்தக் கோபம் எங்க போய் இறங்குச்சுங்கிறதுதான் என் கேள்வி.

2012 செப்டம்பர்ல சென்னைக்கு நட்பு ஆட்டம் ஆட வந்திருந்த இலங்கைப் பள்ளிக்கூடப் பசங்களைத் திருப்பி அனுப்பச் சொல்லி அன்றைய முதல்வர் ஜெயலலிதா உத்தரவு போட்டார். கால்பந்து ஆட வந்த பொடியனுங்க. நேரு ஸ்டேடியத்துல ஆட விட்ட அதிகாரி சஸ்பெண்ட். 2013ல ஆசியத் தடகளப் போட்டியைச் சென்னையில நடத்த முடியாதுன்னு சொல்லி, அது புனேவுக்குப் போச்சு. அதே வருஷம் மார்ச்ல ஐ.பி.எல். சென்னை ஆட்டங்கள்ல இலங்கை வீரர்களோ அம்பயர்களோ இருக்கக் கூடாதுன்னு தடை. சென்னை டீம்லயே இருந்த குலசேகராவும் அகிலா தனஞ்சயாவும் சேப்பாக்கத்துல இறங்க முடியாது. சங்கக்காரா, ஜெயவர்த்தனே, மலிங்கா யாரும் முடியாது. பெங்களூரு டீம்ல இருந்த முத்தையா முரளிதரனும் முடியாது.

கவனிங்க. ஈழத்தமிழருக்காகப் போட்ட தடை ஒரு தமிழனையும் வெளிய நிறுத்துச்சு. முரளியோட அப்பா கண்டிக்குப் பக்கத்துல பிஸ்கட் ஃபேக்டரி வச்சிருந்தார். 1977 கலவரத்துல தமிழர்ங்கிறதுக்காக அதைக் கொளுத்தினாங்க, அவரையும் வெட்டினாங்க. தாத்தா திருச்சிப் பக்கத்துல இருந்து தேயிலைத் தோட்டத்துக்குப் போன கூலி. நம்ம பக்கம் கண்டிச்சீமைன்னு கிழவிங்க சொல்லிக் கேட்டதில்லையா? மழை இல்லாம, கஞ்சிக்கு வழியில்லாம, மண்டபம் முகாம்ல மருந்தடிக்க நின்னு கப்பலேறின கூட்டத்துல அன்னைய ராமநாதபுரம் ஜில்லா ஜனம் எவ்வளவு! (1985 வரைக்கும் நாமளும் அந்த ஜில்லாதானே.) 1964 சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்துல 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கும், 3,00,000 பேரை சிலோன் வச்சுக்கும்னு ஆடுமாடு மாதிரி பாகம் பிரிச்சாங்களே, அந்த ஜனம்.

முரளி செஞ்சதெல்லாம் சரின்னு நான் சொல்ல வரல. 2019ல கோத்தபயவுக்கு ஆதரவா நின்னார். அதுக்காக அவரைக் கிழிங்க, நானும் கூட வந்து கிழிக்கிறேன். ஆனா 2013ல அவரைத் தடுத்தது அதுக்காக இல்லையே. பாஸ்போர்ட்டைப் பார்த்துத் தடுத்தாங்க. 2020ல படத்துல நடிக்க ஒத்துக்கிட்ட ஒரே காரணத்துக்காக ஒரு நடிகரோட சின்னப் பொண்ணை இழுத்து மிரட்டல் விட்ட ஜென்மமும் இருந்துச்சு. அதை எந்த ஈழம் கேட்டுச்சு?

இன்னொண்ணு. 2009 ஐ.பி.எல். ஏப்ரல் 18ல தொடங்கி மே 24 வரைக்கும் தென்னாப்பிரிக்காவுல நடந்துச்சு. முள்ளிவாய்க்கால் நடந்த அதே வாரங்கள். அப்ப முரளி சென்னை டீம் ஆளு. இன்னைக்குத் துரோகிப் பட்டம் கொடுக்குற அண்ணன்கள் பல பேரு அன்னைக்கு டீக்கடை டிவி முன்னாடி மஞ்சச் சட்டையோட உக்காந்து, முரளி விக்கெட் எடுத்தா விசில் அடிச்சவங்க. 2019ல மலிங்கா சேப்பாக்கத்துல மும்பைக்காக ஆடி நாலு விக்கெட் எடுத்தார். தடை எங்க போச்சுன்னு ஒரு குரல் வரல. 2022ல தீக்சனாவுக்காகப் பேட்டைத் தூக்கினவரு 2023ல பதிரனா யார்க்கர் போட்டதும் துள்ளிக் குதிச்சாரு. பதிரனா மட்டும் யாழ்ப்பாணமா என்ன? கண்டிக்காரன்தான்ணே.

விளையாட்டைப் புறக்கணிக்கிறது தப்புன்னும் நான் சொல்லல. சரியா செஞ்சா அதுக்கு வலு உண்டு. 1974ல டேவிஸ் கோப்பை டென்னிஸ்ல இந்தியா இறுதிப் போட்டிக்குப் போச்சு. எதிர்ல தென்னாப்பிரிக்கா. நம்ம சென்னைப் பசங்க விஜய் அமிர்தராஜும் ஆனந்த் அமிர்தராஜும் அந்த டீம்ல. நிறவெறி நாட்டோட ஆட மாட்டோம்னு இந்தியா விலகுச்சு. ஆடாமலே கோப்பை தென்னாப்பிரிக்காவுக்குப் போச்சு. அந்தப் புறக்கணிப்பை அங்க அடிபட்ட கறுப்பின மக்களோட இயக்கங்களே உலகத்துக்கிட்ட கேட்டிருந்தாங்க. செஞ்சவங்க தங்களோட கோப்பையை விட்டுக் கொடுத்தாங்க. நம்ம கண்மாய்ப் போராளி எதை விட்டார்? ஒரு மஞ்சச் சட்டையைக் கூட விடலையே!

இதைப் படிச்சிட்டு 'ஆமா ஆமா, கேம்ல பாலிடிக்ஸ் கூடாது'ன்னு தலையாட்டுற கோஷ்டிக்கு... இருங்கய்யா, உங்களுக்கும் வச்சிருக்கேன்.

நீங்க எப்பவும் எடுக்குற உதாரணம் எனக்கு மனப்பாடம். 1999 ஜனவரி 31, சேப்பாக்கம், சச்சின் 136 அடிச்சும் 12 ரன்ல தோத்தோம், ஜெயிச்ச பாகிஸ்தானுக்கு ஜனமே எந்திரிச்சு நின்னு கை தட்டுச்சு. எனக்கும் அது பெருமைதான். அந்த வருஷம் ஜூன்ல கார்கில்ல குண்டு வெடிச்சிக்கிட்டு இருக்கும்போதே மான்செஸ்டர்ல உலகக்கோப்பை ஆட்டமும் நடந்துச்சு. அதுவும் சரி. ஆனா 2025 செப்டம்பர்ல துபாய்ல நம்ம டீம் பாகிஸ்தான்காரனுக்குக் கை கொடுக்காம வந்தப்ப முதல்ல விசில் அடிச்சது யாருப்பா? நீங்கதானே. கோப்பையை நக்வி கையால வாங்க மாட்டோம்னு நின்னப்ப மயிர்க்கூச்செறிஞ்சுதுன்னு சொன்னதும் நீங்கதானே. உங்களுக்குப் பிடிச்ச போருன்னா அது தேசபக்தி, பிடிக்காத போருன்னா அது பாலிடிக்ஸா? பக்கத்து வீட்டுல எழவு விழுந்த கதையைப் பேசினா மட்டும் 'மேட்ச் மூடு போயிருச்சு'ன்னு சலிச்சுக்கிறது என்ன நியாயம்?

ரெண்டு கோஷ்டியும் மூச்சுப் பிடிச்சுக் கத்துற இடத்துல இருந்து பைக்கை எடுத்தா அரை மணி நேரத்துல குல்லூர்சந்தை. அங்க ஒரு முகாம் இருக்கு. போரைப் பார்த்த ஜனம் அங்க இருக்கு. தமிழ்நாடு முழுக்க இப்படி நூத்துக்கு மேல முகாம், அம்பதாயிரத்துக்கும் மேல ஆளுங்க. கலர் கலரா சுவருக்குப் பெயிண்ட் அடிக்க ஆள் வந்தாங்களே உங்க வீட்டுக்கு, எந்த ஊருன்னு கேட்டீங்களா? 2021ல அரசு 317 கோடிக்குத் திட்டம் போட்டுச்சு, 'மறுவாழ்வு முகாம்'னு பேரையும் மாத்துச்சு. புது வீடு சில இடத்துல வந்துச்சு, நல்ல விஷயம், பாராட்டணும். ஆனா குடியுரிமை?

இந்தச் சட்டத்தை ஒரு தடவை பொறுமையா வாசிங்க. 1950 ஜனவரி 26ல இருந்து 1987 ஜூன் 30 வரைக்கும் இந்திய மண்ணுல பிறந்திருந்தா பிறப்பாலயே இந்தியக் குடிமகன். அதுக்குப் பின்னாடி பிறந்திருந்தா அப்பா அம்மாவுல ஒருத்தர் இந்தியரா இருக்கணும். 2004 டிசம்பருக்கு அப்புறம் அதுவும் பத்தாது, இன்னொருத்தர் சட்டவிரோதமா வந்தவரா இருக்கக் கூடாது. முகாம்ல பெரும்பாலான ஜனம் வந்தது 83க்கு அப்புறம், நிறைய பேரு 90ல. கணக்குப் போடுங்க. மண்டபம் முகாம்ல 1986ல பிறந்த ஒரு பெண், திருச்சி கொட்டப்பட்டு முகாம்ல வாழுறவங்க, நீதிமன்றம் வரைக்கும் போய் 2024 தேர்தல்ல முதல் ஓட்டுப் போட்டாங்க, அது நாடு முழுக்கச் செய்தி. ஓட்டுப் போடுறது செய்தியாகுற நிலைமை! அவங்க கொஞ்சம் தள்ளி, 88ல பிறந்திருந்தா அதுவும் கிடையாது. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான்னு மூணு நாட்டோட நின்னுக்கிச்சு. இலங்கை அதுல இல்ல.

ஆக, இங்கயே பிறந்து, இங்கயே படிச்சு, கடலைக் கூடத் தாண்டிப் பார்க்காத இருபது வயசுப் பையன் காகிதத்துல இலங்கைக்காரன். அப்படி ஒருத்தன் எங்களோட ஆடுறான். பேரு வேணாம். இடதுகை வேகப்பந்து, டென்னிஸ் பந்தையே காதுக்குப் பக்கத்துல விர்ர்னு விடுவான். கண்மாய்ல முரளியைப் பத்திச் சண்டை வந்தா ரெண்டு கோஷ்டியும் அவனை ஒரு வார்த்தை கேக்காது. அவன் போய் பந்துல ஒட்டின கருவேல முள்ளைப் பிடுங்கிக்கிட்டு உக்காந்திருப்பான். பொழுது சாயுறதுக்குள்ள முகாம்ல கணக்கெடுப்பு இருந்தா கடைசி ஓவரைப் போடாமலே கிளம்பிருவான்.

போன பொங்கலுக்கு எங்க பக்கத்துல ஒரு டோர்னமெண்ட். மதுரையில இருந்தும் நெல்லையில இருந்தும் காசு கொடுத்து ஆளை இறக்குறாங்கன்னு கமிட்டி ஒரு விதி போட்டுச்சு: உள்ளூர் ஆட்டக்காரர் மட்டும், வாக்காளர் அட்டை கட்டாயம். டாஸ் போடுறதுக்கு முன்னாடி அட்டை கேட்டாங்க. இவன்கிட்ட ஏது? கமிட்டி அண்ணன் பைக்குல தமிழீழ வரைபடம் ஒட்டியிருக்கு. அந்த அண்ணன் குனிஞ்சு நோட்டைப் புரட்டுறாரு, புரட்டுறாரு, நிமிரவே இல்ல. 'கேம்ல பாலிடிக்ஸ் வேணாம்' கோஷ்டி ஆளு ஒருத்தரு பக்கத்துல நின்னு, 'ரூல்ஸ்னா ரூல்ஸ் மாப்ள'ன்னாரு. வருஷக்கணக்கா அடிச்சுக்கிட்ட ரெண்டு பேரும் ஒத்துப்போனதை அன்னைக்குத்தான் நான் முதல்தடவை பார்த்தேன். பையன் 'பரவால்லண்ணே'ன்னு சொல்லிட்டு ஸ்கோர் எழுத உக்காந்துட்டான்.

சேப்பாக்கத்துல சங்கக்காராவைத் தடுத்தா அவருக்கு ஒரு ஆட்டச் சம்பளம் கூடக் குறையாது. இங்க தடுத்தது குல்லூர்சந்தையில பிறந்தவனை. பாஸ்போர்ட் கிடையாது, அரசு வேலைக்கு எழுத முடியாது, ஓட்டு கிடையாது, கடைசியில நம்ம கண்மாய்ல நாலு ஓவரும் கிடையாதா? இதுல எந்தப் பக்கம் ஈழத்துக்காக நிக்குது, எந்தப் பக்கம் விளையாட்டுக்காக நிக்குதுன்னு எனக்குக் கொஞ்சம் விளக்குங்க.

கமிட்டிக்கு நாங்க கேட்டது ரொம்பச் சின்னது. நோட்டீஸ்ல 'வாக்காளர் அட்டை'ங்கிற வரியை எடுத்துட்டு 'முகவரி உள்ள ஏதாவது ஒரு அட்டை'ன்னு போடுங்க. அவன்கிட்ட ஆதார் இருக்கு, முகாம் அட்டை இருக்கு. இறக்குமதி ஆட்டக்காரனைப் பிடிக்க அது போதும். எழுதிக் கொடுத்த மனுவுல டீம்ல பத்து பேரு கையெழுத்து போட்டோம். பதினோராவது ஆளு அவன். நாளைக்கு முகாம்ல யாராவது கூப்பிட்டு விசாரிச்சிருவாங்களோன்னு பயந்து அவன்கிட்ட நாங்க வாங்கல.

பதில் இன்னும் வரல. அடுத்த பொங்கலுக்கு நோட்டீஸ் அடிக்கும்போது பார்ப்போம்.

டிஸ்கி: முரளி போட்டது த்ரோவா இல்லையான்னு கேட்டு யாரும் வந்து கும்மியடிக்க வேணாம். 800 விக்கெட், அவ்வளவுதான் என் பதில்.