ஓட்டியின் சிலுவைக் குறி

ஆங்கிலோ இந்தியர்களான எங்களைச் சட்டைக்காரர்கள் என்பார்கள். நான் பெரம்பூர் ரயில்வே குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவள். நான் ஓய்வு பெற்றதும், இங்கிலாந்திலிருந்து இங்கே பிழைக்க வந்த என் ஓட்டனைத் தேட ஆரம்பித்தேன். ஓட்டன் என்றால் தாத்தாவின் தாத்தா, ஓட்டி அவர் மனைவி.

அவர் இவ்வளவு சுலபமாக அகப்படுவார் என்று நினைக்கவில்லை. இங்கிலாந்தில் 1837 ஜூலையிலிருந்தே பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் அரசு பதிவு செய்து வருகிறது. பத்தாண்டுக்கு ஒருமுறை எடுத்த மக்கள்தொகைக் கணக்கும் வீடு வாரியாக இருக்கிறது. 1851 கணக்கில் ஓட்டன் 13 வயதுப் பையன். ஊர் ஸ்விண்டன். அப்பா விவசாயக் கூலி, பையன் ரயில் பட்டறையில் எடுபிடி. 1856-ல் ராயபுரத்திலிருந்து முதல் வண்டி ஓடத் தொடங்கியது. எஞ்சின் ஓட்டவும் பழுது பார்க்கவும் மதராஸ் ரயில்வே இங்கிலாந்திலிருந்து ஆட்களை வரவழைத்தது. அப்படி வந்த பிட்டர்களில் அவரும் ஒருவர். சூயஸ் கால்வாய் வராத காலம், ஆப்பிரிக்காவைச் சுற்றி மாதக்கணக்கில் பயணம். சென்னையில் துறைமுகமும் கிடையாது. கப்பல் தள்ளி நிற்க, மசூலாப் படகில் அலைகளைத் தாண்டித்தான் கரை சேர வேண்டும். அந்தக் கூலிக்காரர் மகன் படகில் எதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாரோ!

1866-ல் அவருக்கு இங்கேயே கல்யாணம். மதராஸ் ஆலயங்களின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளை நகலெடுத்து லண்டனுக்கு அனுப்புவது அன்றைய வழக்கம். அந்த நகல்கள் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன, இணையத்திலும் பார்க்கலாம். மணமகன் பெயர், தொழில், தகப்பன் பெயர் எல்லாம் இருந்தன. மணமகள் பெயர் மேரி, நேட்டிவ் கிறிஸ்டியன். அவள் தகப்பன் பெயருக்கான இடத்தில் வெறும் கோடு. தாயின் பெயருக்குக் கட்டமே இல்லை. இங்கிலாந்திலும் திருமணப் பதிவில் தாய்க்கு இடம் கிடைத்தது 2021 மே மாதத்தில்தான். நம் அரசியலமைப்பின் 366-வது பிரிவும் ஆங்கிலோ இந்தியர் யார் என்று சொல்லும்போது தந்தைவழியை மட்டுமே பார்க்கிறது. என் ஓட்டி எந்த ஊர், யார் மகள், ஞானஸ்நானத்துக்கு முன் அவளை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்? அந்த ஒரு கோட்டோடு எல்லாம் நின்றுவிட்டது.

மூலப் பதிவேடு கல்யாணம் நடந்த ஆலயத்திலேயே இருந்தது. ஆயர் பீரோவைத் திறந்து, தோல் அட்டை உரிந்த கனத்த புத்தகத்தை என் முன் வைத்தார். கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் சிலுவை போல ஒரு குறி போடுவார்கள். லண்டன் நகலில் இருந்த குறி குமாஸ்தா போட்டது, அளவெடுத்தாற்போல் நேர்த்தியாக இருந்தது. இங்கே இருப்பது அவள் கையால் போட்டது. முதல் கோடு நடுங்கிக்கொண்டே இறங்குகிறது. இரண்டாவது கோடு முடிகிற இடத்தில் பேனாவை எடுக்காமல் அழுத்திப் பிடித்திருக்கிறாள். மை ஊறிப் பொட்டு மாதிரி ஆகிவிட்டது. ஒரு விரற்கடை தள்ளி, இராமபாணப் பூச்சி அரித்த ஓட்டை.

என் ஓட்டி இந்த உலகத்தில் விட்டுச் சென்றதில் எனக்குக் கிடைத்தது அந்தக் குறி ஒன்றுதான். லண்டனில் எவ்வளவு பத்திரப்படுத்தினாலும் அது அங்கே கிடைக்காது. நகல் அங்கே இருக்கிறதே என்று சும்மா இருந்துவிடுவது பெரிய தவறு. வெள்ளைக்காரரின் வரலாறு நகலிலேயே முழுமையாக வந்துவிட்டது. நம் பெண்களின் மிச்சம் இந்தப் பீரோக்களுக்குள்தான் இருக்கிறது, அதையும் பூச்சி தின்றுகொண்டிருக்கிறது.

ஆலய நிர்வாகிகளே, உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். பெரிய திட்டமோ நிதியோ வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஜன்னலோரம் நல்ல வெளிச்சத்தில் பதிவேட்டை விரித்து வைத்து, பக்கம் பக்கமாகக் கைப்பேசியில் படம் எடுக்கலாம். சபையின் வாலிபப் பிள்ளைகள் இரண்டு பேர் உட்கார்ந்தால் நடந்துவிடும். அடுத்த அடைமழைக்கு முன்பாக ஆரம்பித்துவிடுங்கள்.