கரு கலைந்தால் ஆறு வாரக் கூலி: யாருக்காக எழுதப்பட்டது இந்தச் சட்டம்?

தோழர்களே, விடியற்காலையில் கூடுவாஞ்சேரியிலிருந்து கிளம்பும் கம்பெனி வேன்களிலும் தாம்பரம் போகும் மின்சார ரயிலிலும் நம் பெண்கள் போகிறார்கள். தூய்மைப் பணி, ஹவுஸ்கீப்பிங், ஏற்றுமதி கம்பெனி, அடுக்குமாடிகளில் வீட்டு வேலை. பெரும்பாலும் ஒப்பந்தக் கூலி. கரு கலைந்த மூன்றாம் நாளே ரத்தப்போக்கோடு வேலைக்கு வருகிறவளுக்குப் பிறகு மாதவிடாய் தாறுமாறாக வந்தால், "உடம்பு சூடு", "செஞ்ச பாவம்" என்று பழியை அவள் தலையிலேயே கட்டுகிறார்கள். இதை நாம் ஏற்க முடியாது.

உண்மை எளியது. கரு கலைந்தபின் பெரும்பாலும் நான்கிலிருந்து ஆறு வாரத்தில் மாதவிடாய் திரும்பும். முதல் சில மாதங்கள் நாள் தள்ளலாம், போக்கு கூடலாம். கர்ப்பகால ஹார்மோன் இறங்கி, சினைப்பை பழையபடி இயங்க எடுக்கும் காலம் அது. இதில் பாவமும் இல்லை, தீட்டும் இல்லை. ஆனால் எட்டு வாரமாகியும் வராவிட்டாலோ, மணிக்கு ஒரு நாப்கினுக்கு மேல் நனைந்தாலோ, காய்ச்சலோ துர்நாற்றமோ இருந்தாலோ மருத்துவமனைக்குப் போயே ஆகவேண்டும். கருப்பையில் மிச்சம் தங்கியிருக்கலாம். சுத்தம் செய்த இடத்தில் தழும்பு ஒட்டியிருக்கலாம். மறுபடி கரு உண்டாகியிருக்கலாம். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு. அந்த உடம்பை ஓய்வில்லாமல் வேலை வாங்குகிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? 1961 மகப்பேறு பலன் சட்டத்தின் 9ஆம் பிரிவு, கருச்சிதைவுக்குப் பிறகு ஆறு வாரம் கூலியோடு விடுப்பு தந்தது. அதனால் நோய் வந்தால் மேலும் ஒரு மாதம் என்றது 10ஆம் பிரிவு. 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அந்த ஆறு வாரம் இருக்கிறது. "நீ பர்மனென்ட் இல்லையே" என்பார் ஒப்பந்தக்காரர். டெல்லி மாநகராட்சியில் பள்ளம் தோண்டிய தினக்கூலிப் பெண்களுக்கும் மகப்பேறு சட்டம் பொருந்தும் என்று 2000ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஓய்வு மறுக்கப்பட்டால் என்ன நடக்கும் என்பதற்கு மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டம் சாட்சி. அங்கே கரும்பு வெட்டப் போகிறவர்களில் பலர் தலித், நாடோடிச் சமூகப் பெண்கள். ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் அபராதம். 2019இல் அரசு எடுத்த கணக்கில், சுமார் 82,000 பெண்களில் 13,000க்கும் மேற்பட்டோர் கருப்பை அகற்றப்பட்டவர்கள். மருந்தும் ஓய்வும் போதுமான கோளாறுகளுக்கும் கருப்பையையே எடுத்தார்கள்.

மாணவத் தோழர்கள் செய்ய வேண்டியது உண்டு. மருத்துவமனைச் சீட்டில் 'கருச்சிதைவு' என்ற சொல்லையும் தேதியையும் எழுதி வாங்கச் சொல்லுங்கள். ஆதாரம் கேட்கும் சட்டம் இது. அந்த விடுப்பில் இருப்பவரை வேலையைவிட்டு நீக்குவது சட்டவிரோதம் என்பதையும் சொல்லுங்கள்.

வீட்டு வேலை செய்யும் பெண்களுக்கோ இந்த ஆறு வாரமும் இல்லை. வீடு ஒரு 'நிறுவனம்' ஆகாதாம். தாய்க்கு ஓய்வு தருவது நாட்டின் நலனுக்கே என்று 1928இல் பம்பாய் சட்டசபையில் வாதாடினார் அண்ணல் அம்பேத்கர். ஏறத்தாழ நூறாண்டு ஆகிறது. பாத்திரம் தேய்க்கும் தாய்க்கும் அந்த ஓய்வைக் கேட்டு நாம் தெருவுக்கு வரவேண்டும்.