ஐந்து லட்சம் அட்டையில். அரை மாத்திரை கையில்!

சென்ற மாதக் கடைசி ஜும்ஆ முடிந்து வெளியே வந்தபோது, பள்ளிவாசல் வாசலில் ஒரு உம்மா என்னை நிறுத்தினார். கையில் மருந்துச் சீட்டு. சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. "இருபத்தஞ்சாம் தேதிக்கு மேலே மாத்திரையை ஒடிச்சுத்தான் போடுறேன் ஹஜ்ரத்" என்றார். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று கேட்டேன். பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்திருந்ததை எடுத்துக் காட்டினார்.

ஐந்து லட்சம் ரூபாய்க்கு அட்டை! ஐந்நூறு ரூபாய் மாத்திரைக்கு அதில் வழியில்லை!

நம்மில் பலருக்கு இது இன்னும் விளங்கவில்லை. அந்த அட்டை ஆஸ்பத்திரிப் படுக்கைக்கானது. 2024 அக்டோபரில் எழுபது வயது கடந்தவர்களுக்கென்று மத்திய அரசு கொண்டுவந்த ஐந்து லட்சமும் அப்படித்தான். படுத்தால் பணம், படுக்காமல் இருக்கத் தினமும் விழுங்க வேண்டிய மாத்திரைக்குச் சல்லிக்காசு கிடையாது. மாத்திரையை விட்டவருக்குப் பக்கவாதம் வந்த பிறகு கதவைத் திறக்கிற திட்டத்தை என்னவென்று சொல்வது?

தனியார் பாலிசி எடுத்தால் தீர்ந்துவிடும் என்கிறார்கள் வசதியுள்ள சகோதரர்கள். பஜாரில் கடை வைத்திருக்கும் ஒரு தம்பி தன் அத்தாவுக்கு எடுத்தார். "எல்லாம் கவர் ஆகும் பாய்" என்றார் ஏஜெண்ட். மாத்திரை பில்லைக் கொண்டுபோனபோது, அட்மிட் ஆனால்தான் என்று பதில் வந்தது! புறநோயாளிச் செலவுக்கு இடமிருக்கிறதா, ஆண்டுக்கு எவ்வளவு வரை, நம் கையிலிருந்து எத்தனை சதவீதம் கட்ட வேண்டும் என்று தம்பி கேட்கவே இல்லை. சரக்கெடுக்கும்போது இப்படியா எடுப்பார்? இன்னொரு கொடுமை, அத்தாவுக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை இருப்பதை எழுத வேண்டாம் என்று ஏஜெண்ட் சொல்ல, இவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார். குறையை மறைத்துச் சரக்கு விற்பது மோசடி என்று பயான் கேட்டு வளர்ந்த பிள்ளை! மறைக்கத் தேவையும் இல்லை. ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்றாண்டுக்கு மேல் காத்திருக்கச் சொல்லக் கூடாது என்று 2024லேயே விதி வந்துவிட்டது. மறைத்தால்தான் அதைச் சொல்லியே கைவிரிப்பார்கள்.

வணிகக் காப்பீடு கூடுமா கூடாதா என்ற விவாதத்தை நான் ஒதுக்கவில்லை. 1985ல் ஜித்தா ஃபிக்ஹ் அகாடமி அதைக் கூடாது என்றது. ஒருவருக்கொருவர் உதவும் கூட்டுறவு முறையைக் கூடும் என்றது. சரி. கூடாது என்று மிம்பரில் முழங்கிய நாம், கூடும் என்ற அந்தப் பாதியை எந்த மஹல்லாவில் நடத்திக் காட்டினோம்? இந்தக் கேள்வியில் என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இப்போது வியாபாரப் பெருமக்களிடம் வருகிறேன். கோபித்தாலும் பரவாயில்லை.

மாத்திரைக்கும் கொடுக்கிற இன்சூரன்ஸ் இந்த நாட்டில் 1952லிருந்து இருக்கிறது. அதன் பெயர் இ.எஸ்.ஐ. பத்துப் பேர் வேலை செய்யும் கடைக்கு அது கட்டாயம். 2017ல் சம்பள வரம்பு 21,000 ஆக உயர்ந்தது. தொழிலாளிக்கு மட்டுமல்ல, அவரை நம்பியிருக்கும் தாய் தகப்பனுக்கும் சேர்த்து டிஸ்பென்சரியில் சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் இலவசம். 2019 முதல் முதலாளி பங்கு மூன்றேகால் சதவீதம், தொழிலாளி பங்கு முக்கால் சதவீதம்.

அந்த உம்மாவின் மகன் ஜவுளிக் கடையில் சேல்ஸ்மேன். சம்பளம் 12,000. கடையில் பதினைந்து பேர். முதலாளி நம்மவர், தொழுகையாளி, ரமலானில் நூறு பேருக்குப் புடவை கொடுப்பவர். ஆனால் இ.எஸ்.ஐ. பதிவேட்டில் அவர் காட்டியிருப்பது எட்டே பேர்! அந்தப் பையனுக்காக அவர் மாதம் கட்ட வேண்டியது 390 ரூபாய். அதை மிச்சம் பிடித்தார். இங்கே ஒரு தாய் மாத்திரையை ஒடித்துப் போடுகிறார். புடவை தர்மம், 390 ரூபாய் தர்மமல்ல, அந்தப் பையனின் ஹக்கு!

"டிஸ்பென்சரியில் மருந்து இருக்காது, கூட்டம் அதிகம்" என்பார்கள். சில இடங்களில் உண்மைதான். மருந்து இல்லையென்றால் வாசலில் உட்கார்ந்து கேட்க இயக்கம் இருக்கிறது. பதிவே இல்லாதவனுக்காக எந்த வாசலில் போய் உட்காருவது?

பெட்டிக்கடைக்காரர், தையற்காரர், விதவை, இவர்களுக்கு இ.எஸ்.ஐ. எட்டாது. வாலிபர்களே, இது உங்கள் வேலை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதிந்தால் பிரஷர், சர்க்கரைக்கு மாத்திரை இலவசம். நடக்க முடியாதவர்களுக்கு வீட்டுக்கே கொண்டுவரும் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது. "கவர்மெண்ட் மாத்திரை கேட்காது" என்று பெரியவர்கள் சொன்னால், டாக்டர் எழுதும் மெட்ஃபார்மினும் அங்கே தரும் மெட்ஃபார்மினும் ஒரே மருந்துதான் என்று எடுத்துச் சொல்லுங்கள். அங்கே கிடைக்காததை மக்கள் மருந்தகத்திலோ, 2025 பிப்ரவரியில் திறக்கப்பட்ட முதல்வர் மருந்தகங்களிலோ விலை கேளுங்கள். மருந்தின் மூலப்பெயரை எழுதித் தரும்படி டாக்டரிடம் வெட்கப்படாமல் கேட்க வேண்டும்.

அதற்கும் மேலே விழும் தொகைக்குத்தான் பைத்துல்மால். ஜகாத் பெறத் தகுதியுள்ள எட்டுப் பிரிவினரில் ஃபகீரும் மிஸ்கீனும்தான் முதலில் வருகிறார்கள். நம் பைத்துல்மால்களோ ரமலானில் திறந்து ஷவ்வாலில் மூடுகின்றன. சர்க்கரை நோய்க்குப் பன்னிரண்டு மாதமும் மாத்திரை வேண்டும்.

ஜமாஅத்தின் ஆண்டு வரவு செலவை வாசிக்கும்போது மினாரா பெயிண்டுக்கு எவ்வளவு, சவுண்ட் சிஸ்டத்துக்கு எவ்வளவு என்று வரும். அப்போது ஒரு வாலிபர் எழுந்து, மருந்துக்கு எவ்வளவு என்று முத்தவல்லியிடம் கேட்கட்டும். கூடவே, இந்த மஹல்லாவில் பத்துப் பேருக்கு மேல் வைத்திருக்கும் கடைகளில் எத்தனை கடை இ.எஸ்.ஐ. முழுதாகக் கட்டுகிறது என்றும் கேட்கட்டும்.