நூலில் சிக்கனம் வேண்டாமே!

வெயிலிலும் மழையிலும் கிடக்கப் போகிற பொருளைத் தைக்கும்போது, துணிக்காகப் பத்துக் கடை ஏறி இறங்குகிறோம். நூலை மட்டும், "வீட்டுல மிச்சம் இருக்கறது போதும்"னு விட்டுடறோம். இது சரியில்லை என்பது என் கருத்து.

எங்கள் ஆலங்குடிப் பக்கம் பூப் பறிக்கவும் நடவுக்கும் போகிற பெண்கள் மழைக்குக் கொங்காணி போடுவார்கள். பழைய தார்ப்பாயையோ கழுவிய சாக்கையோ மடித்து வீட்டிலேயே தைத்துக்கொள்வதுதான். புத்தகப் பைக்கு உறை, வண்டிக்கு உறை, நெல் காயப்போடும் படுதா என்று இன்னும் எத்தனையோ. இவற்றில் துணி கிழிவதைவிட தையல் விடுவதுதான் அதிகம்.

2018 நவம்பர் 16-ல் கஜா புயல் எங்கள் மாவட்டத்தைப் புரட்டிப்போட்டபோது, கூரை பறந்த வீடுகளுக்குத் தார்ப்பாய்தான் கூரை. இரண்டு தார்ப்பாயைச் சேர்த்துச் சாதாரணப் பருத்தி நூலில் தைத்த வீடுகளில், அடுத்தடுத்த மழையில் ஒட்டு விட்டுப்போனது. ராத்திரியில் கைக்குழந்தையோடு மூலையில் ஒதுங்கி நின்ற தாய்மாரைப் பார்த்தவள் நான். நல்ல நூலுக்கும் மட்ட நூலுக்கும் சில ரூபாய்தானே வித்தியாசம்?

பருத்தி நூல் ஈரத்தோடு கிடந்தால் பூஞ்சணம் பிடித்து இற்றுவிடும். நைலான் நூல் பலமானது. ஆனால் நாளெல்லாம் வெயில் பட்டால் வலுவிழக்கும். பாலியெஸ்டர் நூல் ஈரத்தைத் தாங்கும். வெயிலையும் நைலானைவிட நன்றாகத் தாங்கும். வெளியில் கிடக்கும் பொருளுக்கு அதுவே ஏற்றது. கெட்டிப் பருத்திக் கான்வாஸில் மட்டும், பருத்தி நூல் நனைந்ததும் உப்பி ஊசித் துளையை அடைக்கும் என்பார்கள். அது உண்மைதான். ஆனால் ஒவ்வொரு முறையும் நன்றாகக் காயவைத்து மடிக்க முடிந்தவர்களுக்கே அது சரிப்படும்.

கடையில் கேட்டால், "எல்லாம் ஒண்ணுதாம்மா" என்பார்கள். ஓர் இழையை இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி, காகிதம் போல எரிந்து சாம்பலாகும். பாலியெஸ்டரும் நைலானும் உருகிச் சுருண்டு கெட்டி மணியாகிவிடும்.

கெட்டித் துணிக்கு 16 அல்லது 18 நம்பர் ஊசி போடுங்கள். தையலை ரொம்ப நெருக்காதீர்கள். தபால் தலை ஓரம் மாதிரி வரிசையாகக் கிழிந்து வந்துவிடும். ஓரத்தை இரண்டாக மடித்து இரட்டைத் தையல் போட்டால் இழுவை தாங்கும். உரச் சாக்கு வெயிலில் பொடிப்பொடியாக உதிரும் என்பதால், நீண்ட நாள் உழைக்க வேண்டியதற்கு அது வேண்டாம்.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் ஏழைப் பெண்களுக்கு அரசே இலவசத் தையல் மிஷின் கொடுக்கிறது. நல்ல விஷயம். ஆனால் நான் போன தையல் வகுப்பில் ஜாக்கெட், சுடிதாரைத் தாண்டி எதுவும் சொல்லித் தரவில்லை. ஊருக்கு நாலு பேர் ஜாக்கெட் தைக்கிறோம், கூலிக்குப் போட்டி. படுதாவும் கொங்காணியும் தைக்கத் தெரிந்தால், ஐப்பசி, கார்த்திகையில் வேலைக்குப் பஞ்சமே இராது. இரண்டு நாள் பாடமாவது இதற்கு ஒதுக்கலாமே!

சகோதரிகளே, அடுத்த மழைக்கு முன் வீட்டில் உள்ள நூல்கண்டைக் கொஞ்சம் சோதித்துப் பாருங்கள்.

- ஒரு குடும்பத்தலைவி, ஆலங்குடி, புதுக்கோட்டை மாவட்டம்.